மிதியை விடாத கால்

எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்பது மின்சார ஆபீசுக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும். மாவு மில் வைத்திருக்கிறவள் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் பாதித் தெரு இட்லி இல்லாமல் கிடக்கும், மீதித் தெரு என்னைத் திட்டிக்கொண்டிருக்கும். இரண்டாயிரத்து எட்டில் தமிழ்நாடு முழுக்கவே கரண்ட் கட்டு. ஆரணிக்கு மட்டும் தனி நியாயம் எங்கிருந்து வரும்? அதற்கெல்லாம் பழகிவிட்டேன். அந்த ஐப்பசியில் வந்தது வேறு பேஜார். கரண்ட் இருக்கும்போதே கிரைண்டர் கல் திணறும், பல்பு மங்கி மஞ்சளாகும், என்ன ஏது என்று நான் எழுந்திருப்பதற்குள் பழையபடி எரியும். அப்புறம் மறுபடி மங்கும்.

மங்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் டுர்ரென்று ஒரு சத்தம். பட்டுத்தறிச் சத்தம் எனக்கு அத்துப்படி. இது தறியில்லை. ஊற வைத்த உளுந்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

அது சந்திரமோகன் வீடு. மோகன் முன்பு தறி நெய்தவன். இப்போது ஊரூராகப் போய் நெசவாளிகளிடம் சேலை எடுத்துவந்து கடைகளுக்குக் கொடுக்கிற ஏஜென்ட். அவன் பெண்டாட்டி ஸ்வர்ணலதாதான் அந்த வீட்டில் நெய்கிறவள். நடுக்கூடத்தில், நெய்கிறவர் காலை உள்ளே விட்டு உட்காருகிற தறிப்பள்ளம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் லதா தறி. மற்றொன்று மோகன் தறி இருந்த இடம். தறியைக் கழற்றிய பிறகு அதன்மேல் பலகை போட்டு அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். நான் போனபோது மூட்டைகள் சமையற்கட்டுக்குப் போயிருந்தன. பலகைமேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்கு மேல் ஒரு பழைய வேன் சீட்டு. சீட்டில் மோகனின் தம்பி கிரண், கையில் பொம்மைக்கார் ஸ்டியரிங் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தான். எதிரே கம்ப்யூட்டர்.

"இன்னாடா கிரணு இது, ரங்கராட்டினமா?"

"ரேஸ் காரு, காசியக்கா."

"சக்கரம் எங்கடா?"

"சக்கரம், ரோடு, இன்ஜின் அல்லாம் கம்ப்யூட்டர்ல கீது. குலுக்கல் ஒண்டிதான் இங்க."

தறியிலிருந்து தலையைத் திருப்பி லதா சிரித்தாள். "உக்காந்து பாருக்கா. கொடலு வாய்க்கு வருது."

"வரட்டும், வரட்டும். என் கல்லு நின்னு நின்னு சுத்துது. உளுந்து பொங்காத போனா உன் கொழுந்தன் வந்து தெருவுக்குப் பதில் சொல்லுவானா?"

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது சேலைக்காகத்தான். கிரண் டிப்ளமா முடித்தவன். பார்டரில் வருகிற அன்னத்தையும் மாங்காயையும் அதில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பான். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறிமேல் ஏற்றுவார்கள். வேலை முடிந்த நேரத்தில் கார் விளையாட்டு. விளையாடி விளையாடி, காரு வளையுது, நம்ம உடம்பு ஏன் வளையக் கூடாது என்று ஒரு நாள் இவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் சும்மா இருக்க வேண்டியதுதானே. வேலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரிக் கண்ணாடி துடைக்கிற மோட்டார் இரண்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கினான்.

எப்படி ஓடுகிறது என்று எனக்கும் சொன்னான். கார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சீட்டைத் தள்ளு என்று கம்ப்யூட்டர் மோட்டாருக்குச் சொல்லும். சீட்டு எதுவரைக்கும் வந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றைச் சீட்டின் அச்சில் மாட்டியிருந்தான். சீட்டு சாய்ந்தால் திருகு திரும்பும். போதும், நிறுத்து என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். எனக்கு அந்தத் திருகு சமாசாரம் மட்டும் நன்றாகப் பிடித்தது. மாவு அரைபட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறோமே, அந்த வேலை அதற்கு.

விளையாட்டுதான், ஆனால் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது விளையாட்டு இல்லை. கிரணை மஸ்கட்டுக்கு வேலைக்கு அனுப்புவதென்று மோகன் முடிவு பண்ணி, வேலூரில் ஒரு ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அங்கே போனால் இரண்டு வருஷம் திரும்ப முடியாது. லதா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கிரணுக்கு மூக்கைச் சிந்தத் தெரியாது. மாமியார் கிடையாது. அவன் தலைக்கு எண்ணெய் வைத்ததும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்ததும் இவள்தான். தனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதை அவள் சொல்லிக்கொண்டு அழுது நான் பார்த்ததில்லை. மஸ்கட் என்ற பேச்சு எடுத்த அன்றைக்குத்தான் என் மில் வாசலில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அப்படி அழுதாள்.

வேலூரில் சடையப்பன் என்று ஒருவர் விளையாட்டுக் கூடம் நடத்துகிறார். கம்ப்யூட்டர் விளையாட்டு, மேசைப் பந்து என்று காலேஜ் பிள்ளைகள் போய்க் குவிகிற இடம். கிரண் அவரிடம் போய் இப்படி ஒரு சீட்டு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். செய்து முடி, நானே வந்து பார்க்கிறேன், பிடித்திருந்தால் இன்னும் நாலு செய், அதைப் பார்த்துக்கொள்கிற வேலையும் உனக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். வேலூர் என்றால் கண்ணமங்கலம் வழியாகக் காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். லதா அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அரிசி மூட்டையை அவளே தூக்கி அடுக்கிப் பள்ளத்தைக் காலி பண்ணிக் கொடுத்தாள்.

மோகனுக்கு இதெல்லாம் ஆகவில்லை. ஒரு மத்தியானம் நான் மாவு கொடுக்கப் போனபோது மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். களியும் காராமணிக் குழம்பும். வெளியே சொதசொதவென்று மழை.

"தேசூர்ல ஒருத்தன் கேக்கறான்," என்றான் மோகன் தட்டைப் பார்த்துக்கொண்டே. "உன் தம்பி இன்னா பண்றான்னு. நான் இன்னா சொல்லட்டும்? வூட்டுக்குள்ள கார் ஓட்டிகினு கீறான்னா?"

"செய்யறான்னு சொல்லுங்க," என்றாள் லதா.

"இன்னா செய்யறான்?"

"செய்யறான். அவ்ளதான். நீங்க பாத்தீங்களா? ஒரு தபா உக்காந்து பாத்தீங்களா?"

"நான் ஏன் உக்காரணும்? மோட்டாரு வாங்கிகினு வந்தான், ஒண்ணும் சொல்லல. சீட்டு வாங்கிகினு வந்தான், ஒண்ணும் சொல்லல. அந்த ஏஜென்ட்டு கூப்ட்டா இவன் ஜல்தியா கெளம்பணும். அத ஒண்டி சொல்லிட்டேன்."

கிரண் களியைக் குழம்பில் அமுக்கிக்கொண்டிருந்தான். லதா அவன் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்தாள். "சாப்புடுடா," என்றாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சீட்டு நன்றாக ஓட ஆரம்பித்த பிறகுதான் லதாவுக்கு வேறு பயம் வந்தது. மோட்டார் லாரி மோட்டார். அது இழுக்கிற இழுப்பில் சட்டமே கிறீச்சிடும். ஒரு நாள் கிரணைத் தூக்கிப் பக்கத்துச் சுவரில் சாத்தியது. முழங்கை சிராய்த்துக்கொண்டு எழுந்து நின்று சிரித்தான்.

"சிரிக்காதடா," என்றாள் லதா. "வேலூர்க்காரரு உக்காரும்போது இப்படித் தூக்கிப் போட்டா? எதுனா ஒண்ணுன்னா நிக்கறதுக்கு வழி பண்ணு."

அவன் உடனே வழி பண்ணினான். ஓரத்துப் பலகை ஒன்றை எடுத்தால், பள்ளத்துக்குள் மோகன் தறியின் பழைய மிதி அப்படியே கிடந்தது. அதற்குக் கீழே ஒரு ஸ்விட்சை வைத்தான். பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்து, தறி நெய்கிறவர்போலக் காலை உள்ளே விட்டு மிதியை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தினால் மோட்டார் ஓடும். எடுத்தால் நிற்கும். "எதுனா கோளாறுன்னா நீங்க பதறுவீங்க, கால் தன்னால மேல வந்துடும், மிஷினு நின்னுடும்," என்றான். பெரிய பெரிய கம்பெனியிலெல்லாம் இப்படித்தான் வைப்பார்களாம். கேட்க எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மிதிக்கிறவள் லதா. வேறு யார் இருக்கிறார்கள்? தன் தறியை விட்டு இறங்கி அந்தப் பள்ளத்துக்கு வருவாள். மழைக்காலத்தில் ஆறு நிறைந்தால் எங்கள் தெருத் தறிப்பள்ளமெல்லாம் ஊறும். காலுக்கடியில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிப்பாள். கிரண் ஓட்டுவான். அவன் காரை வளைக்கும்போதெல்லாம் இவள் உதட்டைக் கடிப்பாள்.

அது நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கரண்ட் போய் வந்த சமயம், மில்லில் ஆள் இல்லை, தூறல் விட்டிருந்தது. சடையப்பன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்ததால் கிரண் பறந்துகொண்டிருந்தான். சீட்டு இடது பக்கம் சாய்ந்தது. அப்படியே நிற்காமல் இன்னும் சாய்ந்தது. அந்த ரேடியோத் திருகைப் பிடித்திருந்த சின்ன ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. சீட்டு சாய்ந்துகொண்டிருக்க, திருகு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சீட்டு இன்னும் வரவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் இழு இழு என்கிறது. கிரண் விவரம் தெரிந்தவன், திருகில்தான் கோளாறு என்று கண்டுகொண்டு அதைத் தொட்டுப் பார்க்கச் சீட்டுக்கடியில் கையை விட்டான். சீட்டின் இரும்பு வந்து சட்டத்தில் சாத்தியது. நடுவில் அவன் விரல்கள்.

அவன் கத்தவில்லை. "அண்ணி," என்றான். அவ்வளவுதான்.

லதா பார்த்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அவன் கையை நோக்கிக் குனிந்தாள். ஆனால் கால் மிதியில் இருந்தது. இருந்தது மட்டுமா, பலத்தையெல்லாம் கூட்டி அழுத்திக்கொண்டிருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டே இரும்பை நெருக்கியது.

"காலை எடு லதா. ஏய், காலை எடுடி," என்று நான் கூப்பாடு போட்டேன். அவள் காதில் விழவேயில்லை. ஓடிப்போய் அவள் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துப் பின்னால் இழுத்தேன். அந்த ஒல்லி உடம்பு பாறை கணக்காகக் கனத்தது. இருவரும் மல்லாக்க விழுந்தோம். மோட்டார் நின்றது.

நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கி எலும்பு முறிந்திருந்தன. எலும்பு டாக்டர் கம்பி வைத்துக் கட்டினார். விரல் போகாது, ஆறிவிடும் என்றார். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் லதா என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் எடுக்கலக்கா. எடுன்னு நீ சொல்ற. எனக்குக் கேக்குது. கேட்டும் நான் எடுக்கல. எடுக்கணும்னு எனக்கு ஏன் தோணல? புள்ள மேல எனக்கு இன்னா வெறுப்பு?" ஆஸ்பத்திரிக்கு வரும்போது காதில் விழவேயில்லை என்றிருந்தாள். பிறகு கேட்டது என்றாள். எது நிஜமோ. அவளுக்கே தெரியாது.

மோகன் சேலை மூட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். தம்பி கையைப் பார்த்தான். கத்துவான் என்று நான் தயாராக இருந்தேன். "கை ஆறட்டும். அப்பால மஸ்கட்டுதான்," என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து லதா தறியில் உட்காரவில்லை. பாதி நெய்த அரக்குச் சேலை அப்படியே நின்றது. மழை ஈரத்தில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டும், நெய்யாமல் விட்டால் இன்னும் கெடும். போய் உட்காருவாள். காலை மிதிமேல் வைப்பாள். வெடவெடவென்று கால் நடுங்கும். எடுத்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். நடுத்தெருவில் நடக்கும்போதுகூடக் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஊரில் பேச்சுக்குப் பஞ்சமா? கொழுந்தன் கையை அண்ணி மிஷினில் விட்டு நசுக்கிவிட்டாள் என்று என் மில்லிலேயே ஒருத்தி சொன்னாள். அவள் மாவை நான் கொரகொரவென்றுதான் அரைத்துக் கொடுத்தேன்.

கிரண் மட்டும் நச்சரித்துக்கொண்டேயிருந்தான். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றினான். ஒரு சாயங்காலம் அவள் என்னோடு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, கோவிச்சிக்காதீங்க. அன்னிக்கு உங்க மனசுல இன்னா ஓடிச்சி?"

"போடா. அத வுட்டுடுடா."

"வுட முடியாது அண்ணி. எனக்குத் தெரிஞ்சாவணும். பயந்தா யாரா இருந்தாலும் காலை எடுப்பாங்க. அத நம்பித்தான் நான் ஸ்விட்ச வெச்சேன். நீங்க ஏன் அழுத்தினீங்க?"

லதா கீரைத்தண்டை ஒடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஒண்ணும் நெனைக்கல. இன்னா சொல்றது... தறியில இழை அறுந்துடுச்சின்னா மிதிய வுடக்கூடாது. வுட்டா இழையெல்லாம் மூடிக்கும். அறுந்தது எங்க போச்சின்னே தெரியாது. அழுத்திப் புடிச்சிகினு, ரெண்டு கையையும் உள்ள வுட்டு நுனியைத் தேடி முடி போடணும். இந்தக் காலுக்கு அது ஒண்ணுதான் தெரியும். ஐயோ அறுந்துடுச்சின்னா, அழுத்து."

கிரண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தபோது கை வலித்து முகம் சுளித்தான், அப்படியும் நிறுத்தவில்லை.

"நான் தறி வூட்ல பொறந்தவன்தானே அண்ணி. தறிமிதிய எடுத்து, தறிப்பள்ளத்துல வெச்சி, தறிக்காரி காலுக்குக் கீழ குடுத்துட்டு, பயந்தா எடுப்பாங்கன்னு நெனச்சேன் பாருங்க. உங்க மேல தப்பே இல்ல. நீங்க என் கையைக் காப்பாத்தத்தான் அழுத்தினீங்க."

லதா எழுந்து உள்ளே போய்விட்டாள். கீரையெல்லாம் மண்ணில். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. அது ஆஸ்பத்திரியில் அழுத அழுகை இல்லை.

மறுநாளே ஒற்றைக் கையால் மாற்றி வைத்தான். இப்போது அழுத்தினால் நிற்கும். லதா மிதிமேல் கால் வைக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதனால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தகர டப்பாவை என் முதுகுக்குப் பின்னால் போட்டான் படுபாவி. நான் எகிறிக் குதித்துப் பலகைமேல் நின்றேன். மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றான் மோட்டாரை நிறுத்திவிட்டு. "உங்க கால் எடுக்குது, அவங்க கால் அழுத்துது. வேலூர்ல யார் எப்படியோ."

ஆகக் கடைசியில் ஒரு ஸ்விட்சுக்கு இரண்டாக வைத்தான். மிதியை லேசாக, கோழிக்குஞ்சை மிதிக்காமல் வைப்பதுபோல வைத்தால் ஓடும். எடுத்தாலும் நிற்கும். அழுத்தினாலும் நிற்கும். பயந்தவர் எந்த வகையில் பயந்தாலும் நிற்கும். திருகுக்கும் ஸ்க்ரூவை விட்டுவிட்டுக் குறுக்கே ஆணியடித்து இறுக்கினான். மோகன் வந்து வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்தான். சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சடையப்பனுக்கு ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லி கிரண் போன் பண்ணியிருந்தான். வெள்ளைக் காரில் வந்தார். கண்ணமங்கலத்திலிருந்து ரோடு முழுக்கக் குண்டும் குழியும் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நல்ல மனுஷன். லதா கொடுத்த டீயை வாங்கி, "சர்க்கரை இல்லாம கெடைக்குமா தாயே," என்று கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டார். சீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. லதா சமையற்கட்டு வாசலில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"கையில இன்னா தம்பி?" என்றார்.

கிரண் வாயெடுப்பதற்குள் மோகன் முந்திக்கொண்டான். "சைக்கிள் செயின்ல வுட்டுகினான் சார். செயின் மாட்றேன்னு." மஸ்கட்டுதான் என்று ஒற்றைக் காலில் நின்றவன் தம்பிக்காகப் பொய் சொன்னதைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். லதாவும்தான்.

"இல்ல சார்," என்றான் கிரண். "இதுலதான் மாட்டிச்சி. திருகு லூசாயிடுச்சி, சீட்டு நிக்காம வந்துடுச்சி. இப்ப மாத்திட்டேன். காட்றேன் பாருங்க." எதை எப்படி மாற்றினான் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். தறியைப் பற்றிச் சொன்னான், கால் எடுப்பதைச் சொன்னான், அழுத்துவதைச் சொன்னான். சடையப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் பார்வை சீட்டிலிருந்து நகர்ந்து அந்தக் கட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி, நீ புத்திசாலி. பொய் சொல்லல பாரு, அதுக்கே உன்ன நான் மதிக்கறேன்," என்றார். "ஆனா அங்க வர்றதெல்லாம் ஊரான் வூட்டுப் புள்ளைங்க. ஒரு புள்ள கை போச்சின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு பதில் சொல்லுவேன்? எனக்கு வேணாம்பா. மனசுல வெச்சிக்காத."

டீ டம்ளரைத் தானே கொண்டுபோய் முற்றத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கார் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நாலு பேரும் வாசலில் நின்றோம். தூறல் ஆரம்பித்தது. லதா உள்ளே வந்து தூணில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. போச்சு, பிள்ளை கிளம்பிவிட்டான் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"ஒரு பொய் சொல்லத் துப்பில்ல," என்றான் மோகன் தம்பியைப் பார்த்து. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "அண்ணன் ஒருத்தன் மானத்த வுட்டு வாயத் தொறக்கறான். அத மூடிட்டு, பெரிய யோக்கியன்."

"அவரு புள்ளைங்கள உக்கார வெக்கப் போறாருண்ணா. எப்படிச் சொல்லாம இருக்கறது?"

மோகன் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவையும் கண்ணாடியையும் எடுத்து மாடத்தில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். போய் அந்த வேன் சீட்டில் உட்கார்ந்தான்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள் லதா.

"ஏன், ஊரான் வந்தா ஒண்டிதான் காட்டுவீங்களா? இது எப்படி வுடறதுன்னு சொல்லுடா."

கிரண் அசையாமல் நின்றான். பிறகு வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதம் சொல்லிக் கொடுத்து, கம்ப்யூட்டரில் காரை நிறுத்தினான். மிதிக்கு நானே போகலாமென்று பள்ளத்துக்கு நகர்ந்தேன்.

"நீ இரு அக்கா," என்றான் மோகன். "லதா, வந்து மிதி."

"நான் மாட்டேன்."

"வா."

"என்னால முடியாதுங்க. என் கால் என் பேச்சு கேக்க மாட்டுது. காசியக்கா மிதிக்கட்டும். உங்களுக்கு எதுனா ஆச்சின்னா அப்பால நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"அவங்க மிதிச்சா நான் உக்கார மாட்டேன்," என்றான் மோகன், கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு. "அவங்க பயந்தா ஓடிடுவாங்க. நீ வந்து மிதி."

என்னைப் பற்றி அவன் சொன்னது நியாயம்தான், கோபம் வரவில்லை. லதா எழுந்தாள். கொசுவத்தைச் செருகினாள். விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். முதலில் மிதி தடதடவென்று ஆடியது, மோட்டார் விக்கி விக்கி நின்றது. மோகன் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தான். மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கியது. மோட்டார் சீராக ஓட ஆரம்பித்தது.

மோகனுக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. கார் வேலியில் முட்டியது, புல்லில் ஏறியது, திரும்பி நின்றது. சீட்டு அவனை இடித்தும் உலுக்கியும் எடுத்தது. கடிவாளத்தைப் பிடிக்கிறவன்போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். ஒரு பெரிய வளைவு வந்தது. கார் தலைகுப்புற உருண்டது. சீட்டு இடது பக்கம் சடாரென்று சாய, அவன் கை தன்னால் கீழே போனது. அன்றைக்குக் கிரண் கை வைத்த அதே இடம்.

"லதா," என்றான்.

சத்தமே இல்லை. சீட்டு பாதிச் சாய்வில் நின்றிருந்தது. லதா அழுத்தியிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தியிருந்தாள். மோகன் கை இரும்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. இரும்பு அவன் விரலைத் தொடவில்லை. கிரண் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மோகன் கையை உருவி எடுத்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். சீட்டிலிருந்து இறங்க அவசரப்படவில்லை. கோணலாகச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் கார் கவிழ்ந்து கிடந்தது. வெளியே மழை வலுத்தது.

"ஏன்டா," என்றான் கிரணைப் பார்க்காமலேயே. "நாளைக்கு இது ரிப்பேராச்சின்னா யாரு பாக்கறது? நீ மஸ்கட்ல உக்காந்துகினு பாப்பியா?"

கிரணுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லதா கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து வாய் கோணியது.

"யார்னா வந்து கையக் குடுங்க," என்றாள். "கால் மரத்துப்போச்சி, எழுந்திருக்க முடியல."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.